இரண்டு விரலுக்கு இருபது சதவீதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதிப் பக்கம் பதினாறு வருடம் லேத் ஓட்டிய டர்னர் எழுதுகிறேன். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரைகளை ஒன்று விடாமல் வாசித்தேன். எல்லோருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும், குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவருக்கும் ஒரு வருடத்தில் கிராஜுவிட்டி உண்டு, வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் விபத்து நடந்தாலும் இழப்பீடு உண்டு என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். வழியில் நடக்கும் விபத்து, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு முன்பே உண்டு. இப்போது மற்றவர்களுக்கும் வந்திருப்பது நல்ல காரியம். ஆனால் எந்த விரல் போனால் எத்தனை சதவீதம் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் வருடத்து இ.எஸ்.ஐ. சட்டமும் புதுத் தொகுப்பில் கரைந்துவிட்டன. பட்டியல் கரையவில்லை. அப்படியே பெட்டி படுக்கையோடு புது வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. கட்டை விரல் 30. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. ஒரு கண்ணை இழந்து மறு கண் நன்றாக இருந்தால் 40. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. இந்தச் சதவீதத்துக்கு ‘வருமானம் ஈட்டும் திறன் இழப்பு’ என்று பெயர். வலது கையா இடது கையா என்ற பேச்சே அதில் கிடையாது.

எனக்குப் போனது வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். 2022 ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை இரவு ஷிப்ட். எனக்கு அப்போது வயது 35. தகடு வெட்டும் பிரஸ் மிஷினை ஓட்டும் ஆட்கள் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மோட்டார் ஸ்டாம்பிங் லோடு விடிகாலை கிளம்ப வேண்டும். “லேத்தை நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னைக்கு ஒரு நாள் பிரஸ்ல நில்லு கண்ணு” என்றார் சூப்பர்வைசர். பெடல் பிரஸ். காலால் ஒரு மிதி மிதித்தால் மேலே இருக்கும் ராம் ஒரு தடவை இறங்கி, ஏறி, மேலே நின்றுகொள்ள வேண்டும். கிளட்ச் கீ தேய்ந்திருந்தால் நிற்காது. மிதிக்காமலே இரண்டாவது தடவை இறங்கும். டபுள் அடிக்கிறது என்போம். அந்த மிஷின் டபுள் அடிக்கும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு, பீஸ் எடுக்கத் தாமதமாகிறது, கவுண்ட் குறைகிறது என்று ஒரு வாரமாகக் கழன்று மூலையில் கிடந்தது. அதன் மேல் யாரோ டீ டம்ளர் வைத்திருந்தார்கள்.

இரவு ஒன்றரை மணி இருக்கும். பீஸை எடுக்கக் கையை விட்டேன். இறங்கிவிட்டது. வலி உடனே தெரியவில்லை, சத்தம்தான் வேறு மாதிரி இருந்தது. தகடு வெட்டுப்படும் சத்தம் எனக்குத் தெரியும். இது அதுவல்ல. பக்கத்து மிஷினில் இருந்த ஒடிசாப் பையன்தான் ஓடிவந்து மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃப்ளைவீலைக் கையால் திருப்பி ராமைத் தூக்கினான். தகடு வெட்டும் அச்சில், டையில், கிடந்த விரல்களை எடுத்து ஐஸ் பையில் போட்டுக் கொண்டுவந்ததும் அவன்தான். நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் ஒட்டவைத்திருக்கலாம், நசுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் கம்பெனி இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டி வந்தது. மறுநாளே விபத்து அறிக்கை போனது. நாலு மாதம் தற்காலிக ஊன உதவித்தொகை, சம்பளத்தில் 90 சதவீதம், பேங்க் கணக்கில் வந்து விழுந்தது. ஆபரேஷனுக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவால்’ என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்பதற்காகத் தொகையை நிறுத்த முடியாது, அதனால் எனக்குப் பண நஷ்டம் இல்லை. அந்த வரி மட்டும் இன்னமும் உறுத்துகிறது.

காயம் ஆறிய பிறகு, எத்தனை சதவீத ஊனம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மில் ஒன்றில் வாட்ச்மேன். ஷட்டர் இறக்கும்போது இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டது. இரண்டு பேரும் துண்டைப் பிரித்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முதலில் உள்ளே போனார். அப்புறம் நான்.

டாக்டர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையை மடக்கச் சொன்னார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள், எக்ஸ்ரே பார்த்தார்கள். “என்ன வேலை பாத்துட்டிருந்தீங்க?” என்று ஒருவர் கேட்டார். “டர்னருங்க” என்றேன். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். எழுதிக்கொண்டது கணக்கில் சேரவில்லை. எனக்கு 20 சதவீதம். வாட்ச்மேனுக்கும் 20 சதவீதம்.

அவர் அடுத்த மாதமே அதே கேட்டில், அதே நாற்காலியில், அதே சம்பளத்துக்கு உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் பொறாமைப்பட்டு இதை எழுதவில்லை. அவருக்குக் கிடைத்ததைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. என் கதை என்ன ஆனது என்று மட்டும் கேளுங்கள்.

லேத்தில் கடையும் பொருளின் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் தெரியுமா? அதன் வளைவை உள்ளங்கையில் கொடுத்து, சுண்டு விரலாலும் மோதிர விரலாலும் அணைத்துக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திம்பிள் என்கிற சுழலும் உருளையைத் திருக வேண்டும். கடைசியில் ராட்செட் டிக், டிக், டிக் என்று மூன்று தடவை நழுவும். அங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அதில் தெரியும். ஆனால் எத்தனை அழுத்தம் கொடுக்கிறோம் என்பது விரலுக்குத்தான் தெரியும். ஐ.டி.ஐ. முடித்ததும் என் அப்பா, மில் மூடிக் கிடைத்த பணத்தில், ஒரு மிட்டுடோயோ மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுத்தார். பதினாறு வருடம் அந்த டிக் டிக்கைக் கேட்டுத்தான் ஜாப்பை இறக்கினேன். இடது கையில் பழகலாமே என்று சொல்பவர்கள் ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டும்; எண்களெல்லாம் தலைகீழாக இருக்கும். இரண்டு மாதம் பழகினேன். ஷாஃப்ட் நாலு வேஸ்ட் ஆனது. ஐந்தாவதற்கு அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

டர்னராக என் சம்பளம் மாதம் 18,000. ஸ்டோர்ஸில் 11,500. தினச் சராசரி 600 ரூபாய் என்று எடுத்து, அதில் 90 சதவீதம் 540, அதில் 20 சதவீதம் 108 என்று கணக்குப் போட்டார்கள். முப்பது நாளைக்கு 3,240 ரூபாய். அது ஆயுசுக்கும் வரும், வேறு வேலை பார்த்தாலும் நிற்காது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறைந்தது 6,500, வருவது 3,240. போர்டு எனக்கு 20 சதவீதம் நஷ்டம் என்றது. என் சம்பளச் சீட்டு 36 சதவீதம் என்கிறது. அதுவும் அன்றைய கணக்கு. என்னோடு லேத்தில் நின்றவர்களுக்கு அதற்குப் பிறகு வருடா வருடம் சம்பளம் ஏறியது. ஸ்டோர்ஸில் போல்ட் நட்டு எண்ணுகிறவனுக்கு எவ்வளவு ஏறும்?

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டைப் செய்வது பிளஸ் ஒன் படிக்கும் என் மகள். மேலே பட்டியலை எழுதும்போது நிறுத்திவிட்டாள். “அப்பா, 14ம் 12ம் 26 தானே? இருபதுன்னு எப்படிப் போட்டாங்க?” என்றாள். இதே கேள்வியை நான் அன்றே கேட்டேன். தனித்தனியாகக் கூட்டக் கூடாது, ‘ஒரு கையில் இரண்டு விரல்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதன்படி 20 என்றார்கள். வாட்ச்மேனுக்கு 7ம் 7ம் சேர்ந்து 14 வர வேண்டியது, அதே வரியால் 20 ஆனது. எந்த இரண்டு விரல் என்று அந்த வரி கேட்பதில்லை. விரலை எண்ணிக்கையாக மட்டும் பார்த்து யாரோ எழுதியது.

எனக்குச் சட்டம் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைச் சொல்கிறேன். ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் மரவேலை பார்த்துக்கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டி வந்தது. பட்டியலைப் பார்த்தால் அது பகுதி ஊனம்தான். இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணையர் பட்டியலைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு ஊனம் என்று எழுதினார். முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975இல் உச்ச நீதிமன்றம் ஆணையர் சொன்னதே சரி என்று சொல்லிவிட்டது. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது: விபத்து நடந்த நேரத்தில் அந்தத் தொழிலாளி எந்த வேலையெல்லாம் செய்யக் கூடியவராக இருந்தாரோ, அதை வைத்துத்தான் முழு ஊனமா என்று முடிவு செய்ய வேண்டும். ஐம்பது வருடம் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு நியாயம், போர்டு முன்னால் ஐந்து நிமிடம் கையை நீட்டிவிட்டுத் திரும்புகிறவனுக்கு ஒரு பட்டியல் என்றுதான் இன்னும் இருக்கிறது. அப்பீல் போகலாம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு மேல் இ.எஸ்.ஐ. கோர்ட்டும் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். நான் போகவில்லை. அது என் தப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

இ.எஸ்.ஐ.யே இல்லாதவர்கள் நிலைமை இதைவிட மோசம். எங்கள் ஏரியாவில் ஆறு பேர், ஏழு பேர் வேலை செய்யும் ஷெட்டுகள் எத்தனை என்று உங்கள் நிருபர் ஒரு நாள் சைக்கிளில் சுற்றினால் தெரியும். பத்துப் பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம் கிடையாது, முதலாளியே இழப்பீடு தர வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு 2021இல், நாற்பதாவது வயதில், கட்டை விரல் போனது. பட்டியலில் 30 சதவீதம். அவர் வாங்கியது மாதம் இருபத்திரண்டாயிரம் என்றாலும் சட்டம் அப்போது 15,000க்கு மேல் கணக்கில் எடுக்காது. அதில் 60 சதவீதம் 9,000. வயதை வைத்துச் சட்டம் ஒரு பெருக்கும் எண் தருகிறது, நாற்பது வயதுக்கு அது 184.17. பெருக்கி, முப்பது சதவீதம் போட்டால் 4,97,259 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அபராதமும் உண்டு.

அவருக்குக் கிடைத்தது அறுபதாயிரம். கவரில் வைத்துக் கொடுத்து, எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்தென்ன, கட்டை விரல் இல்லாமல் போட்ட கிறுக்கல். “கேஸு கீஸுன்னு போனா, நீயே வேணும்னு கார்டைக் கழட்டினேன்னு சொல்லிருவோம், ஒண்ணும் கிடைக்காது” என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியவனுக்கு இழப்பீடு இல்லை என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது நிஜம்தான். ஆனால் வேண்டுமென்றே செய்தான் என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. இழப்பீட்டு உரிமையை எழுதிக்கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. இதெல்லாம் அவருக்குத் தெரிய வந்தபோது, கேட்பதற்கு உரிய இரண்டு வருடம் தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போடலாம் என்று சொன்னேன். “வேண்டாம் விடப்பா, அவரு எங்க அக்கா மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினவரு” என்றுவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த முதலாளி ஃபீஸ் கட்டினார்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவர் ஊனமானால் அவரை நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. முடியாத வேலை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். தனியார் கம்பெனிக்கு அந்த வரி இல்லை. மாற்றுத்திறனாளிக்கான சலுகைகள் கேட்கலாமா என்று போனால் அங்கே 40 சதவீதம் வேண்டும். ஆக, டர்னர் வேலைக்கு நான் ஊனன். சலுகைக்கு நான் முழு ஆள். ரேஷன் கடையில் மட்டும் ஒவ்வொரு மாதமும் “வலது கை ஆள்காட்டி விரலை வையுங்க” என்று மிஷினை நீட்டிவிட்டு, அப்புறம் “அடடா” என்பார்கள்.

சோறு தின்பதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். இரண்டு வரி எழுதிவிடுகிறேன். ரசம் சாதம் நிற்பதில்லை. கட்டை விரலும் கடைசி இரண்டு விரலும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் வழி விழுந்துவிடுகிறது. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில், சுவர் ஓரமாக உட்காருகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பட்டியலை அழிக்க வேண்டாம். அதில் உள்ள எண்ணைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல், அந்த ஆள் என்ன தொழில் செய்தார், அந்தத் தொழிலுக்கு அந்த விரல் என்ன செய்தது, இப்போது அவருக்கு என்ன சம்பளம் என்று பார்த்துக் கூட்டிக் கொடுக்கட்டும். மெடிக்கல் போர்டில் டாக்டர்களோடு தொழில் தெரிந்த ஒருவரையும் உட்காரவைக்கட்டும். ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியார் போதும். மைக்ரோமீட்டரை ஒரு தடவை கையில் கொடுத்துப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தொகுப்புச் சட்டம் புதிது, விதிகளைப் பற்றிப் பேச இதுதான் நேரம். எங்கள் மாவட்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ‘மிஷினில் சிக்கித் தொழிலாளி விரல் துண்டானது’ என்று நாலு வரிச் செய்தி போடுகிறீர்களே, அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டு வருடத்துக்குள் கேளுங்கள் என்று. இந்தியிலும் ஒடியாவிலும் யாராவது அதைப் படித்துச் சொன்னால் இன்னும் நல்லது. இப்போது பிரஸ்ஸில் நிற்பது பெரும்பாலும் அந்தப் பையன்கள்தான். எனக்கு ஐஸ் பை கொண்டுவந்த பையன் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு விரல் பத்தும் இருந்தது, போகும்போது எண்ணித்தான் அனுப்பினேன்.

என் பெயரையும் கம்பெனி பெயரையும் போட வேண்டாம். இன்னும் அதே ஸ்டோர்ஸில்தான் வேலை செய்கிறேன். விலாசம் உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் தனித் தாளில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டர்னர்,
கணபதி, கோவை.